மூன்றாவது பீப்பாயின் வாடை

அலோய்ஸைப் பற்றி நான் நல்லதாக நாலு வார்த்தை சொல்வேன் என்று போன அறுவடைக்கு முன்னால் யாராவது சொல்லியிருந்தால், அவர்களைப் படிக்கட்டிலிருந்து தள்ளிவிட்டிருப்பேன். இப்போது சொல்கிறேன். அவனுக்கும், எதிர் நிலவறைக்காரி ஹெர்மீனாவுக்கும் நான் பட்டிருக்கும் நன்றிக்கடனை வேறெப்படித் தீர்ப்பது என்று தெரியவில்லை. ஹெர்மீனாவைப் பற்றி எதையாவது எழுதினால் ஊரெல்லாம் படித்துக் காட்டுவாள். காட்டட்டும்.

எங்கள் தெருவில் யாரும் குடியிருப்பதில்லை. ஊருக்கு வெளியே மேட்டைக் குடைந்து கட்டிய நிலவறைகளின் தெரு அது. இரண்டு பக்கமும் வெள்ளையடித்த சின்னச் சின்ன முகப்புகள். கதவைத் திறந்தால் மண்ணுக்குள் இறங்கும் படிகள், படிகளின் அடியில் பீப்பாய்கள். சனிக்கிழமைகளில் வியன்னாவிலிருந்து ரயிலேறி வருகிறவர்கள் கீழ்க்கோடியில் தொடங்கி, கதவு கதவாக நுழைந்து, கிளாஸ் கிளாஸாகச் சுவைத்துக்கொண்டே மேடேறுவார்கள். மேல்கோடியில் இருக்கும் என் நிலவறைக்கு வந்து சேர்வதற்குள் பாதிப் பேருக்குக் கால் தரையில் நிற்காது. அவர்கள் கையோடு கொண்டுவந்த கிளாஸை வாங்கி ஒரு முறை முகர்ந்துவிட்டு, "இது ஹெர்மீனாவோட ஒயின். சுண்ணாம்புச் சரிவுத் திராட்சை. மழைக்குப் பயந்து அவசரப்பட்டுப் பறிச்சிட்டா" என்பேன். வாயைப் பிளப்பார்கள். அந்த வேடிக்கைக்காகவே மேடேறி வருகிறவர்களும் உண்டு. 'ரோஸியின் மூக்கு' என்றால் பக்கத்து ஊர்களிலும் தெரியும். எனக்கு அதில் தலைக்கனம் இருந்தது. ஏன் இருக்கக் கூடாது?

போன செப்டம்பரில், பறிப்புக்குச் சற்று முன்னால் ஒரு காய்ச்சல் வந்தது. வந்த காய்ச்சல் போகும்போது மூக்கையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. காலையில் காபி குடித்தால் வெந்நீர் குடித்த மாதிரி இருந்தது. வெங்காயம் நறுக்கினால் கண் எரியும், வாசனை வராது. அடுப்பில் ரொட்டி கருகியது புகையைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

ஒயின் வேலை பாதிக்கு மேல் மூக்கு வேலை. பிழிந்த சாறு பீப்பாய்க்குள் நொதிக்கும்போது அடியில் மண்டி தங்கும். சில சமயம் அந்த மண்டி கெட்டு, அழுகிய முட்டை வாடை கிளம்பும். உடனே கண்டுபிடித்து, மண்டியை அடியில் விட்டுவிட்டு ஒயினை மட்டும் வேறு பீப்பாய்க்கு மாற்றிக் காற்றுக் காட்டினால் பிழைத்துக்கொள்ளும். தவறவிட்டால் வாடை ஒயினோடு ஒட்டிவிடும்; அப்புறம் சாக்கடையில்தான் ஊற்ற வேண்டும். என்னுடைய மூன்றாவது பீப்பாயில் இருந்தது என் மேல்சரிவுத் தோட்டத்துத் திராட்சை. வியன்னாவில் உணவகம் நடத்தும் கொர்னேலியா வருஷாவருஷம் அதை மொத்தமாக எடுத்துக்கொள்வார். தனியாளாக நான் இந்த நிலவறையை நடத்துவது அந்த ஒரு பீப்பாயை நம்பித்தான். அது கெட்டால் கதவைப் பூட்டிச் சாவியை எங்காவது எறிந்துவிட்டுப் போக வேண்டியதுதான்.

இருந்தும் நான் யாரிடமும் சொல்லவில்லை. ரோஸிக்கு மூக்கு போய்விட்டது என்று ஹெர்மீனாவிடம் திங்கட்கிழமை சொன்னால், புதன்கிழமைக்குள் கொர்னேலியா காதுக்குப் போய்விடும். மூக்கில்லாதவளிடம் யார் ஒயின் வாங்குவார்கள்? ஆகவே நடித்தேன். நாக்கில் புளிப்பு தெரிந்தது, இனிப்பு தெரிந்தது, அதை வைத்துச் சமாளித்தேன். பீப்பாயில் காதை வைத்து, உள்ளே குமிழி போடும் சத்தத்தைக் கேட்டேன். மற்றதெல்லாம் ஆண்டவன் பொறுப்பு என்று விட்டுவிட்டேன்.

அப்படி நடித்துக்கொண்டிருந்த ஒரு சனிக்கிழமை, வியன்னாக் கூட்டம் ஒன்று என் நிலவறையில் நின்றது. அதில் கண்ணாடி போட்ட ஒருவர் விரலை மடக்கிப் பீப்பாயைத் தட்டிவிட்டார். அடுத்தவர் பீப்பாயைத் தட்டுவது எங்கள் பக்கம் பெரிய குற்றம். நிறைந்திருக்கிறதா, காலியா என்று சத்தத்திலேயே தெரிந்துவிடும். தட்டினவருக்குப் பின்பக்கம் மூன்று அடி. அவரைக் குனியவைத்து மரச்சுத்தியின் காம்பால் மூன்று போட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். அந்த உற்சாகத்தோடு போன வருஷத்து பாட்டில் ஒன்றைத் திறந்து, என் கிளாஸில் கொஞ்சம் ஊற்றி, வழக்கம்போல முகர்ந்து, "பிரமாதம்" என்றேன்.

அப்போதுதான் அலோய்ஸ் உள்ளே வந்தான். எனக்கு அடுத்த நிலவறை அவனுடையது. என்னோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்தவன். ஒட்டடைக் குச்சி மாதிரி உயரம். பேச்சு மட்டும் காசு கொடுத்து வாங்க வேண்டும். என் கிளாஸை வாங்கி முகர்ந்தான். அடுத்த நொடி அவன் முழங்கை பட்டு பாட்டில் கீழே விழுந்து நொறுங்கியது.

"கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு உனக்கு?" என்றேன்.

"கை தவறிடுச்சு, ரோஸி."

"கை தவறலை. மூளை தவறிடுச்சு. வந்த எடத்துல எருமை மாதிரி நிக்காம ஓரமா நில்லு."

அவன் என் அலமாரியிலிருந்து வேறு பாட்டிலை எடுத்தான், திறந்தான், முகர்ந்தான், எல்லாருக்கும் ஊற்றினான். என் வீட்டு ஒயினை என் விருந்தாளிகளுக்கு அவன் ஊற்றுகிறான். எனக்கு வந்த கோபத்துக்கு, அன்று சாயங்காலமே தெரு முழுக்க அவனை எருமை என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அதன் பிறகு தொல்லை ஆரம்பித்தது. நொதிக்கும் பருவத்தில் உள்ளே வாயு சேரும் என்பதால் யாரும் நிலவறைக் கதவை மூடுவதில்லை. திறந்த கதவு என்றால் எங்கள் தெருவில் யாரும் நுழையலாம். தினமும் காலையில், கையில் எரியும் மெழுகுவத்தியோடு ஹெர்மீனா படியிறங்கி வந்துவிடுவாள். வாயு அதிகமானால் சுடர் அணைந்துவிடும், உடனே மேலேறிவிட வேண்டும், அதற்காகத்தான் மெழுகுவத்தி. அவள் சுடர் ஒரு நாளும் அணைந்து தொலைக்கவில்லை.

"ரோஸி, புனல் இருக்கா?"

"நேத்துதானேடி வாங்கிட்டுப் போனே?"

"அது எங்கயோ போச்சு."

"அவ்வளவு பெரிய புனல் எங்க போகும்? தலையில மாட்டியிருக்கான்னு பாரு."

சிரித்துக்கொண்டே பீப்பாய்களை ஒட்டி மெதுவாக நடப்பாள், கடைசிவரை போய்த் திரும்புவாள், புனலை எடுத்துக்கொண்டு போவாள். அவள் போனால் அலோய்ஸ் வருவான். ஒரு நாள் ரப்பர் குழாய் ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினான்.

"இந்தா, உன் குழாய்."

"இது என் குழாயே இல்லை."

"அப்படியா? உன்னுதுன்னு நெனச்சேன்." போகாமல் நின்றான். "முதல் பீப்பாயைக் கொஞ்சம் கலக்கி விடேன்."

"எதுக்கு?"

"சும்மாதான். கலக்கினா நல்லது."

"உன் பீப்பாயை நீ கலக்கு. என் விஷயத்துல மூக்கை நுழைக்காதே."

அவன் போனதும் கலக்கிவிட்டேன். கலக்குவதில் நஷ்டம் ஒன்றும் இல்லையே என்றுதான். ஆனாலும் மனசுக்குள் இரண்டு பேரையும் திட்டித் தீர்த்தேன். தனியாக இருக்கிற பெண்பிள்ளை என்ன செய்கிறாள் என்று வேவு பார்க்கிறார்கள், என் கை தளர்ந்தால் மேல்சரிவை விலை பேசலாம் என்று காத்திருக்கிறார்கள் என்றெல்லாம் நினைத்தேன்.

அக்டோபர் நடுவில் ஒரு நாள், யாரோ உறவினரைப் பார்க்கப் போவதாகத் தெருவில் சொல்லிவிட்டு, பஸ் ஏறி மாவட்டத் தலைநகரிலிருக்கும் மூக்கு வைத்தியரிடம் போனேன். அவர் விளக்கை நெற்றியில் கட்டிக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தார். "திரும்பி வரலாம். வராமலும் போகலாம். பொறுமையா இருங்க" என்றார். பொறுமைக்கு அவர் சீட்டு எழுதித் தரவில்லை.

பிற்பகல் வெயிலிலேயே திரும்பிவிட்டேன். நேராக நிலவறைக்குப் போய், மெழுகுவத்தியை ஏற்றிக்கொண்டு இறங்கி, மூன்றாவது பீப்பாயில் காதை வைத்தேன். சத்தமே இல்லை. என் பீப்பாயை நான் தட்டலாம், யாரும் அடிக்க மாட்டார்கள். தட்டினேன். காலி டப்பா மாதிரி 'டொங்' என்றது. இன்னொரு தடவை தட்டினேன். அதே 'டொங்.' ஒரு வருஷத்து மேல்சரிவு அதற்குள்தான் இருந்தது. காலையில் இருந்தது, இப்போது இல்லை.

தரை ஈரமாக இருந்தது. என் குழாய் கழுவித் தொங்கிக்கொண்டிருந்தது. எவனோ நிதானமாக, வேலை தெரிந்து செய்திருக்கிறான். படியேறி வெளியே வந்தால் எதிரே ஹெர்மீனாவின் நிலவறையில் பேச்சுக் குரல். உள்ளே பாய்ந்தேன். முகப்பு அறை மேசையில் அலோய்ஸும் ஹெர்மீனாவும் ரொட்டியும் உப்பிட்ட பன்றிக்கொழுப்பும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேருக்கும் சட்டைக் கை முழங்கைவரை நனைந்திருந்தது.

"திருட்டுக் கும்பலா நீங்க ரெண்டு பேரும்?" என்றேன். "என் மூணாவது பீப்பாய் எங்க?"

"உக்காருடி மொதல்ல" என்றாள் ஹெர்மீனா.

"உக்காரவா வந்தேன்? ஒயின் எங்க?"

அலோய்ஸ் வாயிலிருந்ததை மென்று விழுங்கினான். "அஞ்சாவதுல."

"அஞ்சாவது காலிப் பீப்பாய்."

"இப்ப காலி இல்லை. கழுவிட்டு மாத்தினோம்."

"யாரைக் கேட்டு மாத்தினே?"

அவன் ஹெர்மீனாவைப் பார்த்தான். ஊர் வம்பையெல்லாம் அளக்கும் ஹெர்மீனா அன்று மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் அவனே சொன்னான்.

"நாத்தம் அடிச்சுது, ரோஸி. நேத்து சாயந்தரத்துல இருந்து. அழுகின முட்டை. உன் கதவு தெறந்திருக்கு, தெரு பூரா வீசுது. காலைல நீ பாத்துப்பேன்னு இருந்தோம். நீ பஸ் ஏறிப் போயிட்டே. இதுக்கு மேல விட்டா போயிரும்னு மாத்திட்டோம்."

"எனக்குத் தெரியும்" என்றேன். "நாளைக்கு மாத்தலாம்னு இருந்தேன்."

"காலைல நீ அந்தப் பீப்பாய் பக்கத்துல உக்காந்து ரொட்டி சாப்பிட்டே" என்றான் அலோய்ஸ். "நான் படியில நின்னு பாத்தேன். என்னால அங்க மூச்சு விட முடியலை."

இரண்டு பேரும் என் முகத்தைப் பார்க்காமல் இருந்தார்கள்.

"எப்பலேர்ந்து தெரியும்?" என்று கேட்டேன்.

"அந்த பாட்டில்" என்றான். "தக்கை கெட்டுப் போயிருந்துச்சு. நனைஞ்ச சாக்கு மாதிரி ஒரே வீச்சம். நீ முகர்ந்துட்டு பிரமாதம்னே. அதை அவங்களுக்கு ஊத்தப் போனே."

"அதுக்காகவா தட்டி விட்டே?"

"வேற என்ன பண்ணச் சொல்றே? வியன்னாக்காரங்க முன்னாடி உன்கிட்ட சொல்லவா?"

"உன்னை எருமைன்னு ஊரெல்லாம் சொன்னேனே."

"கேட்டேன்."

நான் ஹெர்மீனா பக்கம் திரும்பினேன். "அப்ப அந்தப் புனலு?"

"என்கிட்டயே நாலு புனல் இருக்குடி. உன் புனலை வெச்சு நான் என்ன பண்ணப் போறேன்? தினம் மோந்து பாக்க ஒரு சாக்கு வேணாமா?"

"எங்கிட்ட நேரா சொல்லியிருக்கலாமே."

"நீ சொல்லலையே" என்றான் அலோய்ஸ். "உன் மூக்கு. நீதானே சொல்லணும்."

நான் உட்கார்ந்துவிட்டேன். அழுதேன். கணவரை அடக்கம் செய்த நாளுக்குப் பிறகு யார் முன்னாலும் அழுததில்லை. இவர்களை வேவுகாரர்கள் என்று நினைத்தேனே என்று வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தைவிட, நான் தனியாகக் கிடந்து தவிப்பதாக நினைத்த அந்த வாரங்களில் ஒரு நாள்கூட நான் தனியாக இருக்கவில்லை என்பதுதான் அதிகம் அழவைத்தது. ஹெர்மீனா ரொட்டித் தட்டை என் பக்கம் தள்ளினாள்.

"சாப்பிடு. உப்பாவது தெரியுமில்ல?"

"தெரியும்" என்றேன். அவ்வளவு ருசியாக உப்பை நான் அதற்கு முன் தின்றதில்லை.

அத்தோடு முடியவில்லை. மாற்றின ஒயின் பிழைக்குமா என்று உடனே சொல்ல முடியாது. நவம்பரில், புனித மார்ட்டின் திருநாளுக்கு முந்தின சனிக்கிழமை எங்கள் தெருவில் 'சுற்று' நடக்கும். தெருக்காரர்கள் எல்லாரும், வாடிக்கைக்காரர்களையும் கூட்டிக்கொண்டு, கீழ்க்கோடியிலிருந்து ஒவ்வொரு நிலவறையாக இறங்கி, இன்னும் கலங்கலாக இருக்கும் புது ஒயினைச் சுவைப்போம். கொர்னேலியா அந்த நாளில்தான் வந்து முடிவு செய்வார். ஒரே ஒரு சட்டம் உண்டு: தன் நிலவறையில் சொந்தக்காரர் வாயைத் திறக்கக் கூடாது. மற்றவர்கள்தான் பேச வேண்டும்.

"சுற்றுக்கு நான் வரலை" என்றேன். "போய் என்ன பண்றது? மத்தவங்க கிளாஸைப் பிடிச்சுக்கிட்டு நிக்கவா?"

"நான் மோந்து சொல்றேன். நீ கேளு" என்றான் அலோய்ஸ்.

"நீயா? உனக்கு ஒயின்னா ரெண்டே ரெண்டு. நல்லா இருக்கு, நல்லா இல்லை."

"அதனாலதான் உன்னைக் கேக்கச் சொல்றேன்."

அப்படித்தான் அந்தச் சனிக்கிழமை கிளம்பினோம். முதல் நிலவறையிலேயே அவன் கிளாஸில் மூக்கை விட்டு, "ஆப்பிள்" என்றான்.

"காயா, பழமா?"

"ஆப்பிள், ரோஸி."

"தோல் வாசனையா, சதை வாசனையா? சரியா மோந்து சொல்லு."

மறுபடி முகர்ந்தான். அவன் முகத்தில் ஆச்சரியம். "தோல்" என்றான். "பச்சைத் தோல்."

"அப்ப அது ஓடைக்கரைத் தோட்டம். நிழல்ல காய்ச்சது" என்றேன். வாய் திறக்கக் கூடாத சொந்தக்காரர் வேகமாகத் தலையை ஆட்டினார். அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. முப்பது வருஷம் முகர்ந்ததெல்லாம் தலைக்குள்ளே பத்திரமாகத்தான் இருந்தது. எடுத்துக் கொடுக்க ஒரு மூக்கு வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

அலோய்ஸின் நிலவறையில் அவன் பேசக் கூடாது என்பதால் ஹெர்மீனா முகர்ந்தாள். "பேரிக்கா. எங்க அத்தை வீட்டுத் தோட்டத்துப் பேரிக்கா. அங்க ஒரு நாய் இருந்துச்சு பாரு..."

"நாயை விடுடி. அப்புறம் என்ன வருது?"

"இரு, வருது. மழை பெஞ்ச மண்ணு."

இப்படி மேடேறி என் கதவுக்கு வந்தபோது தெருவே என் பின்னால் நின்றது. கொர்னேலியாவும் நின்றார். ஐந்தாவது பீப்பாயிலிருந்து எல்லாருக்கும் ஊற்றினேன். அதற்கு மேல் நான் பேசக் கூடாது. ஆனால் பேசாமல் இருந்தால் அவரை ஏமாற்றுகிற மாதிரி ஆகிவிடும்.

"சட்டத்தைக் கொஞ்சம் மீறுறேன், மன்னிச்சுக்கங்க" என்றேன். "செப்டம்பர்லேர்ந்து எனக்கு வாசனையே தெரியலை. இந்த ஒயின் நடுவுல கெடப் பாத்துச்சு. அதுகூட எனக்குத் தெரியலை. அலோய்ஸும் ஹெர்மீனாவும்தான் மாத்தி எடுத்தாங்க. இப்ப நல்லா இருக்கா இல்லையான்னு சத்தியமா எனக்குத் தெரியாது. பாத்துட்டு வேணும்னா எடுங்க, வேண்டாம்னா விட்டுடுங்க. நான் தப்பா நெனைக்க மாட்டேன்."

கொர்னேலியா தன் கிளாஸைத் தொடாமல் அலோய்ஸிடம் திரும்பினார். "நீங்க மாத்தினதா? அப்ப நீங்களே சொல்லுங்க."

பாவம், அவனுக்கு வியர்த்துவிட்டது. கேள்வி கேட்கவும் என்னால் முடியாது, என் நிலவறை. அவன் கிளாஸைச் சுழற்றி முகர்ந்தான். ஒரு மடக்கு குடித்தான். தனக்குத்தானே கேட்டுக்கொள்கிற மாதிரி உதடு அசைந்தது.

"மிளகு" என்றான். "வெள்ளை மிளகு. முதல்ல இல்லை. முழுங்கினப்புறம் வருது." மறுபடி முகர்ந்தான். "பேரிக்கா. தோல் இல்லை, சதை. கொஞ்சம் ஈரக் கல்லு."

அவன் சொல்லச் சொல்ல மேல்சரிவு என் கண்ணுக்குள் வந்தது. எந்த வரிசை, எந்தக் காலை, பனி எப்போது விலகியது, எல்லாம் தெரிந்தது. ஒயின் பிழைத்துவிட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அலோய்ஸ் என்னைப் பார்த்தான். "முட்டை இல்லை" என்றான். கூட்டம் சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. "போன வருஷத்தைவிட நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு, குரலைத் தாழ்த்தி, "கோவிச்சுக்காதே" என்றான்.

கொர்னேலியா அதற்குப் பிறகுதான் தன் கிளாஸை எடுத்தார். நிதானமாக முகர்ந்தார், குடித்தார், கீழே வைத்தார். "அவர் சொன்னது சரிதான், ரோஸி. போன வருஷத்தைவிட நல்லாத்தான் இருக்கு. வழக்கம்போல மொத்தமும் எனக்கு."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். என் மூக்கோடு செய்ததைவிட மூக்கில்லாமல் செய்தது நன்றாக இருக்கிறது என்று என் நிலவறையிலேயே நின்று சொல்கிறார்கள். எனக்குக் கோபம் வரவில்லை. அத்தனை பேர் நடுவில் அவனிடம் போய் நின்றேன். ஒன்றாம் வகுப்பிலிருந்து அவனைத் தெரியும், ஒரு தடவைகூட அந்த வார்த்தையை அவனிடம் சொன்னதில்லை.

"நன்றி, அலோய்ஸ்" என்றேன்.

அவன் காதுமடல் சிவந்துவிட்டது. கிளாஸை என்னிடம் நீட்டினான்.

"உன் நிலவறையில நீ பேசக் கூடாது" என்றான். "சட்டம் தெரியாதா? ஊத்து."